'டைம்' என்னும் சொல்லும் எல்லைத் தமிழரும்

ஆங்கிலத்திலிருந்து தமிழில் வந்து கலந்த சொற்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பஸ், கோர்ட்டு, ஆபீஸ், டிக்கெட் என்று கண்ணால் காணக்கூடியவற்றின் பெயர்களையே எடுத்துக் காட்டுவார்கள். புதுப் பொருள் வந்தது, அதோடு பெயரும் வந்தது, அதில் வியப்பில்லை. ஆனால் காலம் என்பது ஆங்கிலேயன் கப்பலில் ஏற்றி வந்த சரக்கு அல்ல. அதற்கு நம்மிடம் பெயருக்குப் பஞ்சமும் இருந்ததில்லை. பொழுது, போது, நேரம், வேளை, காலம், நாழிகை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அப்படியிருந்தும் இன்றைக்கு ஒரு தமிழ் வீட்டில் காலையில் எழுந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் 'டைம்' என்ற சொல் நாலைந்து தடவை வந்துவிடுகிறது. இது எப்படி நேர்ந்தது என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களை வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் அந்த இடம் என்று கேட்கலாம். மதுரையிலோ தஞ்சாவூரிலோ 'டைம்' தமிழுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். பாறசாலையில் அது தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவிலே வந்து உட்கார்ந்தது. காலத்தைக் குறிக்கும் சொற்களில் பல இரண்டு மொழிக்கும் பொதுவானவை. ஆனால் பொருள் மட்டும் வேறு வேறு. இந்தச் சிக்கலில் சிக்கியவர்களுக்கு 'டைம்' ஒரு வசதியாக அமைந்தது என்பதே என் கருத்து. அந்த வசதிக்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு சொல், எத்தனை வேலை

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'டைம்' என்பதும் கடல் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் 'டைட்' என்பதும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் பழைய வேர், பகுத்தல், வகுத்தல் என்ற பொருள் உடையது என்பார்கள். 'டைமும் டைடும் யாருக்காகவும் காத்திராது' என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பழமொழியிலே வரும் 'டைட்' கடலலை அல்ல, அதுவும் காலந்தான். கிறிஸ்துமஸ் பருவத்தை 'யூல்டைட்' என்று சொல்வதில் அந்தப் பழம்பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலைக்கு அந்தப் பெயர் வந்ததே அது வேளை தவறாமல் வந்து போவதால்தான்.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். கடிகாரம் காட்டுவதும் டைம், ஒரு யுகமும் டைம். பெருக்கல் வாய்ப்பாட்டில் மூன்று 'டைம்ஸ்' நாலு என்றால் மூன்று மடங்கு. சிறையில் தண்டனை அனுபவிப்பதற்கும் இதையே சொல்வார்கள். பத்திரிகைக்குப் பெயராகப் பன்மையில் வைத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் வந்தபின் அதன் வேலை இன்னும் கூடிற்று. 'டைம் என்ன ஆச்சு?' என்றால் மணி கேட்கிறோம். 'எனக்கு இப்பம் டைம் சரியில்லே' என்றால் சனியோ ராகுவோ பேச்சில் வந்தாயிற்று. இந்தப் பொருளில் ஒரு ஆங்கிலேயனிடம் சொன்னால் கடிகாரத்தைப் பழுது பார்க்கச் சொல்லுவான். 'கொஞ்சம் டைம் கொடுங்கோ' என்பது தவணை கேட்பது. 'ரெண்டு டைம் மருந்து' என்றால் இரண்டு வேளை. 'ஃபர்ஸ்ட் டைம் வாறேன்' என்றால் முதல் தடவை. 'அவருக்கு டைம் வந்துட்டுது' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் காலன் வந்துவிட்டான் என்று கொள்ள வேண்டும். அலாரம் வைத்த மேசைக் கடிகாரம் 'டைம்பீஸ்' ஆனது. பஸ் ஸ்டாண்டிலே வறுத்த கடலையைக் கூவி விற்கிறவன் 'டைம்பாஸ், டைம்பாஸ்' என்று கூவினான். பொழுதுபோக்கு என்ற நல்ல தமிழ்ச் சொல்லை யாரும் அப்படிக் கூவி விற்றதில்லை.

கவனித்துப் பார்த்தால், இந்த ஒவ்வொரு இடத்திலும் நமக்குத் தனித்தனிச் சொல் இருந்தது தெரியும்: மணி, காலம், தவணை, வேளை, தடவை, பொழுது. ஆறு பேர் பார்த்த வேலையை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டோம்.

எல்லை எப்போது வந்தது

இந்தக் கிராமங்களில் தமிழ் பேசுகிறவர்கள் நம்மில் பலரைப் போல வேலை தேடி வெளி மாநிலம் போனவர்கள் அல்லர் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பலராமபுரத்துச் சாலியர் போன்ற சிலர் வந்து குடியேறியவர்களே. பலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதியிலிருந்து நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். நெய்யாற்றின்கரை வட்டத்தில் அவர்கள் நெய்த கைத்தறித் துணி இன்று பலராமபுரம் என்ற பெயரோடு புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைதான் நடந்து வந்தது.

எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பதற்கு ஒரு உதாரணம். நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்தவர் 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை. திருவிதாங்கூர் அரசையும் திவானையும் கடுமையாக எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26இல் அவரை நாடு கடத்தினார்கள். கொல்லம் கணக்கில் அது 1086 கன்னி மாதம். நாட்டை விட்டு வெளியே என்றால் அன்றைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலிச் சீமை. அதாவது அவர் பிறந்த ஊருக்கும் எல்லைக்கும் நடுவில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை எல்லாம் கிடந்தன. இன்றைக்கு அதே நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறினால் பாறசாலை தாண்டிக் களியக்காவிளையிலேயே தமிழ்நாடு வந்துவிடுகிறது.

இடையில் நடந்ததை எல்லோரும் அறிவோம். 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராடியது. மார்ஷல் நேசமணி அதன் பெருந்தலைவர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் இவற்றோடு நெய்யாற்றின்கரையும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பட்டம் தாணு பிள்ளை அப்போது முதலமைச்சர். மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1இல் தெற்கே நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின, செங்கோட்டையில் பெரும்பகுதியும் இந்தப் பக்கம் வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது.

அக்டோபர் 31 ராத்திரி ஒரே ராஜ்யத்தில் படுத்த அண்ணனும் தம்பியும் மறுநாள் விடிந்தபோது வேறு வேறு மாநிலத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் வேறு வேறு மொழியில் படிக்கத் தொடங்கினார்கள்.

ராவிலே வா என்றால் எப்பம் வரணும்?

இனி சொற்களின் சிக்கலுக்கு வருவோம். மலையாளத்தில் 'ராவிலெ' என்றால் காலையில். தமிழ்க் காதில் அது ராவிலே, அதாவது இரவில். 'நாளெ ராவிலெ வரணும்' என்று ஒரு மலையாளி வீட்டுக்காரர் சொன்னால், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த வேலைக்காரர் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குமேல் லாந்தரோடு போய் நிற்பதற்கு எல்லா நியாயமும் உண்டு. இரவு என்ற சொல் எப்படிக் காலையானது? இரவு கழிகிற வேளை, விடியற்கருக்கல் என்ற பொருளிலிருந்து அது மெல்லக் காலைக்கு நகர்ந்தது எனக் கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிராக நகர்ந்தது 'வைகு' என்ற வேர். தமிழில் வைகல் என்றால் நாள். வைகறை என்றால் விடியலுக்கு முந்திய பொழுது. மலையாளத்தில் 'வைகுன்னேரம்' என்றால் சாயங்காலம். 'வைகிப்போயி' என்றால் லேட்டாகிவிட்டது. தங்குதல், கழிதல் என்ற பழம்பொருள் இரண்டிலும் இருக்கிறது. தமிழன் இரவு கழிவதைப் பார்த்தான், மலையாளி பகல் கழிவதைப் பார்த்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஒரு வேர் நம்மிடம் விடியற்காலை, அவர்களிடம் மாலை. இன்னொரு வேர் நம்மிடம் இரவு, அவர்களிடம் காலை.

எல்லைக் கிராமத்து முதியவர்கள் இந்தச் சொற்களில் இடறுவதில்லை. அவர்களிடம் இரண்டுக்கும் பொதுவான வேறு சொற்கள் இருந்தன. விடியலுக்கு 'வெளுப்பாங்காலம்', நண்பகலுக்கு 'உச்சை', அந்திக்கு 'மோந்தி'. மூவந்தி என்ற நல்ல சொல் பேச்சில் தேய்ந்து மோந்தியானது. 'மோந்திக்கு வாறேன்' என்றால் தமிழனுக்கும் புரியும், மலையாளிக்கும் புரியும். இவை பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் தமிழாகவும் வராது, மலையாளமாகவும் வராது. அதனாலேயே இரண்டு பக்கப் பள்ளியிலும் பிள்ளைகள் இவற்றைச் சொல்ல வெட்கப்பட்டார்கள்.

வடமொழியிலிருந்து வந்த சொற்களில் சிக்கல் இன்னும் பெரிது. 'தாமசம்' என்றால் தமிழில் தாமதம். மலையாளத்தில் தாமதம் என்ற பொருளும் உண்டு, குடியிருப்பு என்ற பொருளும் உண்டு. 'எவிடெயா தாமசம்?' என்று கேட்டால் 'எங்கே குடியிருக்கிறீர்கள்?' என்று அர்த்தம்; நம்மவர் 'நான் தாமசிக்கவில்லை, சீக்கிரமே வந்துவிட்டேன்' என்று பதில் சொல்லக்கூடும். 'அவசரம்' நமக்குப் பறக்கிற பரபரப்பு. அவர்களுக்கு வாய்ப்பு, சந்தர்ப்பம். 'சமயம்' நமக்குச் சைவமும் வைணவமும், அல்லது தக்க தருணம். அவர்களுக்குக் கடிகாரம் காட்டும் நேரமே சமயம். 'அவதி' நமக்குத் துன்பம், அவர்களுக்கு விடுமுறை. நெய்யாற்றின்கரைப் பள்ளியில் படிக்கிற தமிழ்ப் பிள்ளை 'இன்னைக்கு அவதி' என்று துள்ளிக் குதித்துக்கொண்டு வரும்போது, நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கும் பாட்டி 'என்ன மக்களே, என்ன செய்யுது?' என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

இதெல்லாம் சிரிப்புக்கு ஆகும். கோர்ட்டுக்குப் போனால் சிரிப்பு நின்றுவிடும். வழக்கை இன்னொரு நாளைக்கு ஒத்திவைப்பதற்கும் மலையாளத்தில் 'அவதி' என்பார்கள். கெடு, எல்லை என்பதுதான் அந்த வடசொல்லின் முதற்பொருள். ஆகவே அவர்கள் பயன்பாடு மூலத்துக்கு நெருக்கமானது. தமிழ்நாட்டில் இதே காரியத்துக்கு உருது வழியே வந்த 'வாய்தா' நிலைத்தது. எல்லாவற்றிலும் ஆபத்தானது 'அவகாசம்'. தமிழில் அவகாசம் என்றால் கூடுதல் காலம். மலையாளத்தில் உரிமை, பாத்தியதை. வாரிசுக்கு 'அவகாசி' என்றே பெயர். பாகப்பிரிவினை வழக்கில் நிற்கும் ஒரு தமிழர் 'எனக்கு அவகாசம் வேணும்' என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது பத்து நாள் தவணை. எதிர்த்தரப்பு காதில் விழுவது, சொத்தில் பங்கு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ், கன்னடச் சிறுபான்மையினர்க்குத் தம் மொழியில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து செய்ய வழி செய்திருக்கிறது. ஆனால் இரண்டு மொழியிலும் ஒரே ஒலியுடைய சொல்லுக்கு எந்தச் சட்டம் காவல் நிற்கும்?

இப்போது 'எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்' என்று சொல்லிப் பாருங்கள். வக்கீலுக்குப் புரிகிறது, குமாஸ்தாவுக்குப் புரிகிறது, எதிர்த்தரப்புக்கும் புரிகிறது. 'ராவிலெ' என்ன, 'சமயம்' என்ன என்ற குழப்பமே இல்லை. 'எட்டு மணி டைமுக்கு வாங்கோ' என்றால் முடிந்தது. இரண்டு உறவுக்காரருக்குள் சொத்துத் தகராறு வந்தால் மூன்றாவது ஆளைப் பஞ்சாயத்துக்கு வைப்பதில்லையா, அப்படித்தான் 'டைம்' இந்த ஊருக்குள் வந்து நாட்டாமை செய்யத் தொடங்கியது.

கடிகாரமும் பஸ்ஸும்

சொல் தானாக வரவில்லை, இயந்திரங்களோடு வந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837இல், திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைந்தது. ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே, பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்து நிற்கும் 'மேத்தன் மணி' என்னும் கடிகாரமும் ஏறக்குறைய அந்தக் காலத்ததே. தாடிக்காரர் ஒருவரின் முகம். மணி அடிக்கும்போதெல்லாம் இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து அவர் கன்னத்தில் இரண்டு பக்கமும் முட்டும். நெய்யாற்றின்கரையிலிருந்து கோட்டைக்குப் போன குழந்தைகள் எல்லாரும் அதை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

மணி என்ற சொல்லும் வேடிக்கையானதுதான். கழுத்தில் கட்டும் மணி, கோயில் மணி, எட்டு மணி எல்லாம் ஒன்றே. மலையாளத்தில் ஒரு மணி நேரத்துக்கு 'மணிக்கூர்' என்று தனிச்சொல். எல்லைத் தமிழர்கள் 'ரெண்டு மணிக்கூறு காத்துக் கிடந்தேன்' என்று அதையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பு நாழிகைதான். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். மலையாளத்தில் 'நாழிக' வழித்தூரத்துக்கும் அளவாக இருந்தது. நடக்கும் நேரமே தூரமாயிற்று.

1906 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியப் பொது நேரம் வந்தது. அது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்துக் கணக்கிட்டது. பாறசாலை ஏறக்குறைய 77 பாகை 9 கலையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தால், பாறசாலையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12 மணி 21 நிமிடம் காட்டும். ஆக 'உச்சை'யும் 'பன்னிரண்டு மணி டைமும்' ஒன்றல்ல. ஏறக்குறைய ஒரு நாழிகை வித்தியாசம். பழைய ஆட்கள் வெயிலைப் பார்த்து 'இன்னும் உச்சை ஆகல்லியே' என்று சொன்னால் அவர்கள்தான் சரி.

கடிகாரத்தைக் கிராமத்துக்குள் கொண்டுபோனது பஸ். 1938 பிப்ரவரி 20இல் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். அரசு முதலில் கையெடுத்த பாதைகளில் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரிச் சாலையும் ஒன்று. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அந்தச் சாலையிலேயே உள்ள ஊர்கள். பஸ் வெளுப்பாங்காலத்துக்கு வராது, ஆறேகாலுக்கு வரும். 'பஸ்ஸுக்கு டைம் ஆச்சு' என்ற வாக்கியம் அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி ரயில் பாதை 1979இல் திறந்தபோது டைம்டேபிளும் சேர்ந்து வந்தது. தெற்கே போகும் ரயிலுக்குக் கேரளத்தின் கடைசி ஸ்டேஷன் பாறசாலை.

ஆனால் எல்லோரும் டைமுக்கு அடங்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பலராமபுரத்தில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தும் வேலைக்கு விடியற்காலைதான் வேண்டும். வெயில் ஏறினால் நூல் விறைத்து அறுந்துபோகும், மழை வந்தால் எல்லாம் பாழ். அந்த வேலைக்குக் கைக்கடிகாரம் பயன்படாது. வானத்தைப் பார்க்கிறவன்தான் வேண்டும்.

தொண்ணூற்றொன்பது என்றால் எந்த வருஷம்?

விலை என்று முன்னே சொன்னேன். அது ஆண்டுக் கணக்கில்தான் நம்மை உறுத்துகிறது.

கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்' என்று ஒரு பெருவெள்ளத்தைப் பற்றிப் பேசுவார்கள். நம் பிள்ளைகள் 1999 என்று நினைக்கிறார்கள். அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. 2018ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் ஒப்பிட்டுப் பேசின.

கொல்லம் ஆண்டு மலையாளிகளுக்கு மட்டும் சொந்தம் என்று ஒரு எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது சரியல்ல. கி.பி. 825இல் தொடங்கும் இந்த ஆண்டுக் கணக்கு நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலியிலும் தமிழ்க் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் நெடுங்காலம் வழங்கியது. 'மனோன்மணீயம்' எழுதிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இருந்தபடியே இந்தப் பகுதிக் கல்வெட்டுகளின் கொல்லம் தேதிகளைக் கொண்டு பழைய வேணாட்டு மன்னர்களின் வரிசையை ஒழுங்குபடுத்தினார். 1894இல் அந்த நூல் வந்தது. ஒரு தமிழர் கேரள வரலாற்றுக்குக் கால வரிசை போட்டுக் கொடுத்தார் என்பதை நம் மேடைகளில் ஏனோ அதிகம் சொல்வதில்லை. மனோன்மணீயத்தின் தமிழ் வாழ்த்தோடு அவரை நிறுத்திவிடுகிறோம்.

அதற்கும் முந்தியது ஒன்று உண்டு. பாறசாலைக்குத் தெற்கே, முன்சிறைக்கு அருகில் பார்த்திவபுரம். அங்கே சாலையும் கோயிலும் அமைத்த ஆய் மன்னன் கருநந்தடக்கனின் தமிழ்ச் செப்பேடு ஆண்டைச் சொல்லாமல் கலியுகம் தொடங்கி எத்தனை நாள் என்று சொல்கிறது: 14,49,087. கணக்கிட்டால் கி.பி. 866. கொல்லம் பிறந்து 41 ஆண்டு கழிந்தும் நாளாக எண்ணியிருக்கிறார்கள். பதினான்கு லட்சம் நாளைப் பிசகாமல் எண்ணிய கணக்கன் ஒருவன் அந்த ஊரில் இருந்தான். 'டைம் இல்லை' என்று அவன் சொல்லியிருக்க மாட்டான்.

நம் குடும்பங்களில் இன்னும் பழைய ஆதாரங்கள், பாகப் பத்திரங்கள், ஜாதகங்கள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றில் தேதி கொல்லத்தில்தான். மாதம் சிலவற்றில் ஆவணி, சிலவற்றில் சிங்கம். சிலவற்றில் ஐப்பசி, சிலவற்றில் துலாம். ஆள் ஒன்றே, பெயர் இரண்டு. 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாதிதான் உண்மை. கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி, ஆகஸ்ட் 17ஐ ஒட்டிப் பிறக்கிறது. அன்று முதல் டிசம்பர் 31 வரை உள்ள நாளானால் 824ஐக் கூட்ட வேண்டும்; ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையானால் 825. 1132 துலாம் என்றால் 1956, மாநிலம் பிரிந்த மாதம். மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபருக்கு அர்ப்பணித்த 925 மகரம் என்றால் 1750 ஜனவரி. இந்த ஒரு வருஷ வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது தாத்தாவின் பிறந்த ஆண்டை ஒன்று தவறாகக் கூட்டி எழுதியிருந்தால், அவர் ரிட்டயர் ஆகும் தேதி மாறும், பென்ஷன் மாறும், அறுபதாம் கல்யாணமே தப்பான வருஷத்தில் நடக்கும். பத்திரத்தில் தப்பினால் எந்தப் பத்திரம் முந்தியது என்பதே மாறிவிடும். அங்கே அவகாசம் என்ற சொல் இரண்டு மொழிப் பொருளிலும் சேர்ந்து பறிபோகும்.

மாதப் பிறப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2023இல் நமக்குச் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14. பக்கத்து வீட்டில் விஷுக்கணி ஏப்ரல் 15. ஏன் என்று பல வீடுகளில் பிள்ளைகள் கேட்டார்கள். சூரியன் மேஷத்தில் நுழைவது சூரிய அஸ்தமனத்துக்கு முன்பாக இருந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழர் வழக்கம். மலையாளத்தில் பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது விடிந்து 18 நாழிகைக்குள் நுழைய வேண்டும். கடிகாரத்தில் மதியம் ஏறக்குறைய ஒன்றரை மணி. 2023இல் சூரியன் அதற்குப் பின்னர் நுழைந்தது. எனவே அவர்களுக்கு மறுநாள். ஒரே சூரியன், ஒரே வானம், நடுவில் ஒரு வேலி. 'டைம்' என்ற சொல்லால் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள், முடியாது. நாழிகை என்ற சொல் கையில் இருந்தால்தான் பிள்ளைக்கு இதை விளக்க முடியும்.

'டைம்' வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது இருக்கட்டும். மொழிக்காவலர்கள் அதைத் துரத்திவிட்டு 'சமயம்' என்று எழுதினால் எல்லையில் குழப்பந்தான் மிஞ்சும். ஆனால் வெளுப்பாங்காலம், உச்சை, மோந்தி, நாழிகை, மணிக்கூறு என்ற சொற்களை வாயில் வைத்திருக்கும் தலைமுறையில் பலரும் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். ஊருக்குப் போகும்போது அவர்களிடம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்து, ஆதாரத்தில் இருக்கும் கொல்லம் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஆங்கிலத் தேதியையும் குறித்து வைக்கலாம். 1107 மீனம் என்று இருந்தால் 825ஐக் கூட்டி 1932 மார்ச்–ஏப்ரல். 1107 கன்னி என்று இருந்தால் 824ஐக் கூட்டி 1931 செப்டம்பர்–அக்டோபர்.